ஸ்வீட்கம் மரம்: கேள்வி பதில்

ஸ்வீட்கம் (லிக்விடாம்பர் ஸ்டைராசிஃப்ளுவா) வளர்ப்பவர்களும் வளர்க்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் கீழே. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மேப்பிள் என்று வாங்கினேன். பார்த்தவர் ஸ்வீட்கம் என்கிறார். எப்படி உறுதி செய்வது?

கிளையைப் பாருங்கள். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே இருந்தால் மேப்பிள். ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது சற்று மேலே அந்தப் பக்கம் என மாறி மாறி இருந்தால் ஸ்வீட்கம். அப்புறம் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். ஸ்வீட்கம் என்றால் பிசின் வாசனை வரும்.

வீட்டுச் சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இடம் இருக்கிறது. போதுமா சார்?

போதாது. தோட்டத்தில் வளரும் மரமே சுமார் 20 மீட்டர் உயரமும் 12 மீட்டர் அகலமும் போகும். சுவர், நடைபாதை, கழிவுநீர்க் குழாய் எதுவானாலும் குறைந்தது 6 மீட்டர் விடுங்கள். வேர் மேலாகவே ஓடும், அதுவும் களிமண்ணில் இன்னும் மேலே. தளக்கல்லைத் தூக்கிவிடும்.

இடம் குறைவு என்றால் 'ஸ்லெண்டர் சில்லவெட்' ரகத்தை யோசிக்கலாம். கம்பம் மாதிரி நேராக 15 மீட்டருக்கு மேல் போனாலும் அகலம் 2 மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். ஆனால் அதுவும் காய்க்கும். 3 மீட்டரில் அதையும் சுவரை ஒட்டித்தான் வைத்தாக வேண்டும் என்றால் என் வாக்கு வேறு மரத்துக்கு.

முள்ளுருண்டைகள் காலில் குத்துகின்றன. ஆண் மரமாகப் பார்த்து வாங்கினால் காய்க்காது என்கிறார்களே?

ஸ்வீட்கம்மில் ஆண் மரம், பெண் மரம் என்று கிடையாது. ஒரே மரத்தில் ஆண் பூ நிமிர்ந்த கொத்தாகவும் பெண் பூ தொங்கும் உருண்டையாகவும் வரும். அந்த உருண்டைதான் முற்றி, 3 செ.மீ. அளவில் மரக்கட்டை போல் இறுகி, குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. ஒரு நாள் கூட்டினால் முடிகிற வேலை இல்லை. விதையிலிருந்து வந்த மரம் 15, 20 வருடம் கழித்துத்தான் நன்றாகக் காய்க்கத் தொடங்கும். அதனால் "என் மரம் காய்க்காது" என்று சின்ன மரத்தைக் காட்டி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நிஜமாகவே காய் வேண்டாம் என்றால் 'ரொட்டண்டிலோபா' ரகம். இலை நுனிகள் கூராக இல்லாமல் வட்டமாக இருக்கும், காய் பிடிக்காது. அதில் எப்போதாவது ஒரு கிளை பழைய குணத்துக்குத் திரும்பி, கூர் இலை விடும். கண்டவுடன் அந்தக் கிளையை அடியோடு வெட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே காய்க்கும் மரத்துக்கு, காய் பிடிப்பதைத் தடுக்கும் எத்திஃபான் என்ற மருந்துத் தெளிப்பு உண்டு. பூ நன்றாக மலர்ந்து, பிஞ்சு பிடிப்பதற்கு முன் உள்ள சில நாட்களில் மரம் முழுக்க நனைய வேண்டும். நாள் தவறினால் பயன் இல்லை. தண்ணீர் பற்றாமல் வாடிய மரத்தில் அடித்தால் இலையும் கொட்டும். ஒவ்வொரு வருடமும் திரும்பச் செய்ய வேண்டும். 15 மீட்டர் மரத்துக்கு இது நடக்கிற காரியமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

புது இலைகள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சை. யூரியா போட்டும் மாறவில்லை.

மாறாது. தழைச்சத்துக் குறை என்றால் முதலில் அடி இலைகள், நரம்போடு சேர்த்து மொத்தமாக வெளுக்கும். நீங்கள் சொல்வது இரும்புக் குறை. மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தம் இல்லை. மண் காரமாக இருப்பதால் வேரால் அதை எடுக்க முடியவில்லை. இந்த மரத்துக்கு பி.எச். (மண்ணின் அமில, கார அளவு) 5.5 முதல் 6.5 வரை பிடிக்கும், 7.5 தாண்டினால் இந்த மஞ்சள் வந்தே தீரும்.

ஒரு பிடி காய்ந்த மண்ணில் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. அங்கே கந்தகம் கொட்டி பி.எச்.ஐக் குறைப்பது வீண் செலவு. நுரைக்காவிட்டால், மண் பரிசோதனை முடிவைப் பார்த்து, சதுர மீட்டருக்கு 50 முதல் 100 கிராம் கந்தகத்தூள் கிளறிவிடலாம். மணல் மண்ணுக்குக் குறைவாக, கனமான மண்ணுக்குக் கூடுதலாக. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை இரும்புச் செலேட் (வேர் எடுக்கக்கூடிய வடிவில் உள்ள இரும்பு உரம்) கொடுங்கள், ஆனால் பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள்: கார மண்ணில் ஈ.டி.டி.ஏ. (EDTA) வகை நிற்காது, ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகைதான் வேலை செய்யும்.

தண்ணீர் தேங்கும் இடத்திலும் இதே மஞ்சள் வரும். முதலில் அதைப் பாருங்கள்.

நடும் முறையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

குளிர் முடிந்து மொட்டு விரியும் முன் நடுவது நல்லது. இதன் சதைப்பற்றான வேர் காயம் பட்டால் மெதுவாகத்தான் தேறும். குழியின் அகலம் வேர்க்கட்டியைப் போல் மூன்று மடங்கு, ஆழம் வேர்க்கட்டியின் உயரம் மட்டும். தண்டு அகன்று வேராகப் பிரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். தொட்டியில் வட்டம் சுற்றிய வேர்களை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னாளில் அதுவே தண்டை நெரிக்கும். தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டால் போதும். மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலை, மரச்சீவல்) 5 முதல் 8 செ.மீ., தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. முதல் இரண்டு கோடைக்கும் தண்டின் ஒவ்வொரு 2.5 செ.மீ. குறுக்களவுக்கும் வாரம் 40 லிட்டர் தண்ணீர். தினம் கொஞ்சம் தெளிப்பதைவிட ஒரே தடவை ஆழமாக ஊறவிடுவது மேல்.

சின்னக் கிளைகளில் தக்கை மாதிரி செதில் செதிலாக வருகிறது. நோயா?

இல்லை. மரத்தின் இயல்பு. மருந்து அடிக்காதீர்கள்.

விதை போட்டேன், ஒன்றும் முளைக்கவில்லை.

பெரும்பாலும் நீங்கள் விதைத்தது விதையே அல்ல. உருண்டையை உதறினால் மரத்தூள் மாதிரி கொட்டுகிறதே, அது பிடிக்காமல் போன விதைகள். நல்ல விதை கருமையாக, ஒரு பக்கம் சின்ன இறக்கையோடு இருக்கும். உருண்டை பச்சை மாறி மஞ்சளாகும்போதே பறியுங்கள்; பழுப்பாகி வாய் திறந்துவிட்டால் விதை ஏற்கெனவே பறந்திருக்கும். காகிதப் பையில் உலரவிட்டு உதறுங்கள். ஈர மணலில் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் 3 முதல் 5 டிகிரியில் ஒன்றிரண்டு மாதம் வைத்து, பிறகு அரை செ.மீ. ஆழத்தில் விதைக்கவும். தாய் மரத்தின் ரகம் அப்படியே வராது.

இலையுதிர் காலத்தில் சிவப்பே வரவில்லை. மஞ்சளாகிக் கொட்டிவிடுகிறது.

விதைக் கன்றாக இருந்தால் அதன் குணமே அதுவாக இருக்கலாம். வாங்கும்போது இலை நிறம் மாறும் பருவத்தில் போய், கண்ணால் பார்த்து எடுப்பதே வழி. இல்லையென்றால் நிழல் அல்லது குளிராத இரவுகள். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர் இரண்டும் இருந்தால்தான் சிவப்பு ஏறும்.

ரொட்டண்டிலோபாவின் அடியில் கன்றுகள் கிளம்புகின்றன. பிரித்து நடலாமா?

நடலாம், ஆனால் கிடைப்பது ரொட்டண்டிலோபா இல்லை. உங்கள் மரம் ஒட்டுக்கன்று. ஒட்டுக்குக் கீழே இருப்பது சாதாரண ஸ்வீட்கம். அதன் வேரிலிருந்து வருவது கூர் இலை விடும், முள்ளுருண்டையும் காய்க்கும். மண்ணை விலக்கி, வேரில் கிளம்பும் இடத்திலேயே பிய்த்து எடுங்கள். தரை மட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்கு மூன்றாகத் துளிர்க்கும்.