முதலீட்டாளருக்குச் சட்டம், ஊர் திரும்பியவருக்குச் சுற்றறிக்கை

கேள்வி: போரில் நொறுங்கிப்போன ஒரு நாட்டின் நாடாளுமன்றம் மறுகட்டமைப்புச் சட்டம், முதலீட்டுச் சட்டம் எல்லாம் நிறைவேற்றினால் சாதாரண மக்களின் வாழ்க்கை உண்மையிலேயே மாறுமா?

மாறும். எல்லோருக்கும் ஒரே வேகத்தில் மாறாது, அவ்வளவுதான்.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. கூடலூரில் வக்கீல் குமாஸ்தா. நிலத் தகராறுக் கட்டுகளோடுதான் என் பிழைப்பு. எங்கள் குடும்பம் இலங்கை மலையகத்திலிருந்து நீலகிரிக்கு வந்தது; சொந்தத்தில் பாதிப் பேர் இன்னும் கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறார்கள். அதனால் இப்படி ஒரு சட்டம் எந்த நாட்டில் வந்தாலும், வரிச்சலுகை எத்தனை ஆண்டு என்று நான் பார்ப்பதில்லை. நிலத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள், உரிமை கோர எத்தனை நாள் கெடு கொடுக்கிறார்கள், இந்த இரண்டையும்தான் தேடுவேன்.

இலங்கையையே எடுத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்த கதை அதுதான். போர் முடிந்தது 2009 மே மாதம். பெரிய முதலீட்டாளருக்கான சட்டம் அதற்கு முந்தைய ஆண்டே தயார்: 2008ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மூலோபாய அபிவிருத்தித் திட்டங்கள் சட்டம். அமைச்சர் ஒரு திட்டத்தை நாட்டுக்கு முக்கியமான 'மூலோபாயத் திட்டம்' என்று அறிவித்து, நாடாளுமன்றமும் ஒப்புதல் தந்துவிட்டால், வருமான வரி, மதிப்புக் கூட்டு வரி, சுங்கத் தீர்வை என்று பலவற்றிலிருந்து 25 ஆண்டுகள் வரைக்கும் விலக்குக் கொடுக்கலாம்.

போரில் காணியை விட்டு ஓடியவர்களுக்கான சட்டம் எப்போது வந்தது? 2016இல். போர் முடிந்து ஏழு வருடம் கழித்து. ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், 5ஆம் இலக்கம். விஷயம் இதுதான். இலங்கையில் ஒருவருடைய தனியார் நிலத்தில் இன்னொருவர் பத்து வருடம் தடையில்லாமல் இருந்துவிட்டால் உரிமை கொண்டாடலாம். ஆட்சியுரிமை என்பது இதைத்தான்; 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அது. போருக்குப் பயந்து ஓடியவர் திரும்பி வருவதற்குள் பத்து வருடம் தாண்டியிருந்தால்? அதற்காகத்தான் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2016 சட்டம் சொன்னது. நல்ல ஏற்பாடு. ஆனால் சட்டம் வந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். போதாததற்கு, ஆயுதக் குழுவின் நடவடிக்கையால் நீதிமன்றத்துக்கு வர முடியாமல் போனவர் என்றுதான் அதில் எழுதியிருக்கிறது. ராணுவத்தின் ஷெல் அடிக்குப் பயந்து ஓடியவர் அதில் எங்கே வருகிறார் என்று அப்போதே பலர் கேட்டார்கள்.

இன்னொன்று, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் தெரியாதது: அந்தச் சட்டம் தனியார் காணிக்கு மட்டும்தான் பயன்படும். அரச காணிக்கு எதிராக ஆட்சியுரிமை பேச முடியாது. இலங்கை நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரசுடையது என்பார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு அடங்கிய வன்னியில் ஏழைகள் குடியிருப்பது பெரும்பாலும் 'பெர்மிட் காணி', அதாவது 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்த காணி. அல்லது பெர்மிட்டும் இல்லாமல் காடு வெட்டிக் குடியேறிய காணி.

என் சித்தப்பா இரண்டாவது ரகம். அப்பாவின் சித்தப்பா மகன் அவர். 1948இல் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். (ஆட்களை இப்படி எண்ணிப் பிரித்த இரண்டு அரசுகளுக்கும் கூச்சமே இருந்ததாகத் தெரியவில்லை.) என் தாத்தாவும் அப்பாயியும் இந்தியாவுக்கு எழுதப்பட்டு, தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு ஆரம்பித்த டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க வந்தார்கள். தாத்தாவின் தம்பி குடும்பம் அங்கேயே தங்கியது. 1977 கலவரத்தில் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) அடிபட்டு வடக்கே ஓடி, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியது.

2008 கடைசியில் அங்கிருந்தும் ஓட வேண்டியதாயிற்று. முள்ளிவாய்க்கால், அப்புறம் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். திரும்பி வந்தபோது காணியின் ஒரு பகுதியில் வேறொரு குடும்பம் இருந்தது. அவர்களும் இடம்பெயர்ந்தவர்கள்தான், இயக்கம் (புலிகள்) கொடுத்த துண்டு என்றார்கள். இரண்டு தரப்பிடமும் காகிதம் இல்லை. யாரைக் குறை சொல்வது?

இந்த மாதிரித் தகராறுக்கு 2016 சட்டத்தால் ஒரு பயனும் கிடையாது. உதவிக்கு இருந்தது 2013இல் காணி ஆணையாளர் நாயகம் வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று. வடக்கு, கிழக்கில் அரச காணிச் சிக்கல்களை எப்படித் தீர்ப்பது என்ற வழிமுறை அதில் இருந்தது. முதலீட்டாளரின் 25 வருடச் சலுகை நாடாளுமன்றச் சட்டத்தில் இருக்கிறது; என் சித்தப்பாவின் குடியிருப்பு ஒரு சுற்றறிக்கையில் இருக்கிறது. அதிகாரி மாறினால் சுற்றறிக்கையைப் படிக்கும் விதமும் மாறும். உங்கள் கேள்விக்கு என் பதில் ஏறக்குறைய இதற்குள்ளேயே அடங்கிவிடும்.

கெடு விஷயத்தில் மிக மோசமான உதாரணம் சிரியா. 2018 ஏப்ரலில் வந்த 10ஆம் எண் சட்டம், மறுகட்டமைப்பு மண்டலம் என்று அறிவித்த பகுதியில் சொத்து உள்ளவர்கள் 30 நாளில் ஆதாரம் காட்ட வேண்டும் என்றது. நாட்டில் பாதிப் பேருக்கு மேல் வீட்டை விட்டு ஓடியிருந்தார்கள். லட்சக்கணக்கானோர் துருக்கியிலும் லெபனானிலும் ஜெர்மனியிலும். உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்த பிறகு அந்த நவம்பரில் கெடுவை ஒரு வருடமாக்கினார்கள். சரி, அது சிரியா என்று விட்டுவிட முடியாது. 2025 மார்ச் 28 தேதியிட்ட இலங்கை வர்த்தமானியில் (அரசிதழில்), யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஏறக்குறைய 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகிவிடும் என்று அறிவிப்பு வந்தது. கனடாவில் இருப்பவர் என்ன செய்வார்? பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

சட்டம் நிறைவேறிய நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை கூடலூருக்கு வந்து பார்க்கலாம். இங்கே போர் எதுவும் நடக்கவில்லை. நிலம்பூர் கோவிலகத்தின் கீழிருந்த சுமார் 80 ஆயிரம் ஏக்கர் ஜென்ம நிலத்தை, அதாவது பரம்பரை ஜமீன் மாதிரியான நிலத்தை, ரயத்துவாரியாக (இடைத்தரகர் இல்லாமல் அரசிடம் நேரே பட்டா பெறும் முறைக்கு) மாற்ற 1969இல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் போட்டது. 1972இல் உச்ச நீதிமன்றம், காடுகளை அரசு எடுத்துக்கொள்வது செல்லாது என்றது. 1974இல் 34ஆம் அரசியல் திருத்தம் மூலம் சட்டத்தையே அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில், அதாவது நீதிமன்றம் எளிதில் கைவைக்க முடியாத சட்டங்களின் பட்டியலில், சேர்த்துக் காப்பாற்றினார்கள். அதை எதிர்த்த வழக்கு ஒன்பது நீதிபதிகள் வரை போய், 2007 ஜனவரியில் கொயல்ஹோ தீர்ப்பு வந்தது: அந்த அட்டவணையில் 1973 ஏப்ரலுக்குப் பிறகு சேர்த்த சட்டங்களையும் நீதிமன்றம் சோதிக்கலாம் என்றது. இந்தியாவில் சட்டம் படிக்கும் எல்லோரும் அதைப் படிக்கிறார்கள். பாதிப் பேருக்கு அது எங்கள் ஊர் வழக்கு என்று தெரியாது. அந்த 1969 சட்டத்தின் 17ஆம் பிரிவு நிலத்தில், அதாவது பழைய தோட்டக் குத்தகை நிலத்தில், குடியிருந்துகொண்டு பட்டாவுக்கும் மின் இணைப்புக்கும் மனு எழுத எங்கள் அலுவலகத்துக்கு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். அமைதியாக இருந்த ஊரிலேயே ஐம்பது வருடத்துக்கு மேல் இழுக்கிறது. பதிவேடுகள் எரிந்துபோன நாட்டில் எத்தனை வருடம் ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நன்றாகச் செய்த நாடே இல்லையா என்றால், உக்ரைனைச் சொல்லலாம். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 2023 பிப்ரவரியில், இடிந்த வீட்டுக்கு இழப்பீடு கேட்பது குடிமகனின் உரிமை என்று அந்த நாடாளுமன்றம் சட்டமே கொண்டுவந்தது. தியா என்ற அரசுச் செயலியில் கைபேசி வழியாகவே விண்ணப்பிக்கலாம். ஆளை அனுப்பிச் சேதத்தைப் பார்க்க முடியாத இடங்களில், குறிப்பாக ரஷ்யாவின் பிடியில் இருக்கும் பகுதிகளில், சிக்கல்தான். இருந்தாலும் வரிசை மாறியிருக்கிறது பாருங்கள்: போர் முடியட்டும் என்று காத்திராமல் வீடு இழந்தவருக்குச் சட்டம் வந்துவிட்டது.

கடைசியாக முதலீடு. சட்டம் போட்டால் பணம் வருமா? ஈராக்கில் 2003 செப்டம்பரிலேயே, நாடாளுமன்றம் என்ற ஒன்றே இல்லாதபோது, அமெரிக்கத் தலைமையிலான நிர்வாகம் 39ஆம் ஆணையால் பெரும்பாலான துறைகளில் வெளிநாட்டாருக்கு நூறு சதவீத உரிமையைத் திறந்துவிட்டது. 2006இல் அவர்களுடைய நாடாளுமன்றம் 13ஆம் எண் முதலீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது: பத்து வருட வரிவிலக்கு, ஈராக்கியர் பங்கு பாதிக்கு மேல் இருந்தால் பதினைந்து. எண்ணெய்க்கான தனிச் சட்டம் மட்டும் 2007இல் வரைவாகி, உள்ளூர்ச் சண்டையில் மாட்டிக்கொண்டு நிறைவேறவே இல்லை. ஆனாலும் 2009இல் ருமைலா எண்ணெய் வயலுக்கு பிபியும் சீன நிறுவனமும் வந்து கையெழுத்துப் போட்டன. எண்ணெய் இருந்தால் சட்டம் இல்லாமலும் வருவார்கள். இல்லாத ஊருக்கு என்ன சலுகை கொடுத்தாலும் யோசித்துத்தான் வருவார்கள்.

கிளிநொச்சியில் எண்ணெய் இல்லை. அங்கே வந்தவை ஆடைத் தொழிற்சாலைகள். சித்தப்பாவின் மகள் அதில் ஒன்றில் தையல் வேலைக்குப் போகிறாள். வீட்டுக்குத் தகரம் மாற்றி ஓடு போட்டது அந்தச் சம்பளத்தில்தான். அதனால் முதலீட்டுச் சட்டமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்த ஓட்டு வீடு நிற்கிற காணிக்கு இன்னும் பெர்மிட் இல்லை. சித்தப்பா பிரதேச செயலகத்துக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார், எதிர்த் தரப்புக்காரரும் அதே வரிசையில் நிற்கிறார்.