கோலாலம்பூர் வயர்மேன்கள் சைட்டில் பேசிக்கொள்ளும் சுருக்கப் பேச்சில் எதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஊரிலிருந்து வந்து இங்கே ஒரு காண்ட்ராக்டரிடம் கையாளாகச் சேர்ந்திருப்பதாகவும், சைட்டில் தமிழர்கள் பேசுவதே பாதி புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். புரியாதுதான். நாங்கள் பேசுவது தமிழ் மாதிரி கேட்குமே தவிர அதில் பாதி மலாய், மீதி வெறும் எண்கள்.

எண்களுக்குப் பின்னால் அலகைச் சொல்லவே மாட்டோம். "ரெண்டரை ஒரு ரோல் எடு" என்றால் ரெண்டரை சதுர மில்லிமீட்டர் வயர், அது சாக்கெட்டுக்கு. லைட்டுக்கு ஒன்னரை, வாட்டர் ஹீட்டருக்குப் பெரும்பாலும் நாலு. "பதிமூணு" என்றால் சுவரில் இருக்கும் மூணு கால் சாக்கெட். ஊரில் அஞ்சு ஆம்ப்ஸ், பதினஞ்சு ஆம்ப்ஸ் என்று பார்த்துப் பழகியிருப்பீர்கள், இங்கே பிரிட்டிஷ் வழக்கம், பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் உட்கார்ந்திருக்கும். "பத்து மில்லி இருக்கா?" என்று கேட்டால் அது இஎல்சிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் பிரேக்கர்: தரை ஈரமாகும் இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர், கையில் பிடிக்கிற சாமான் மாட்டும் சாக்கெட்டுக்கு 30, மற்றதற்கு 100. இதெல்லாம் 1994 மின்சார ஒழுங்குமுறை விதிகளில் இருப்பது. கடையில் நாம் கேட்பது இஎல்சிபி, அவர் எடுத்துத் தரும் டப்பாவில் எழுதியிருப்பது ஆர்சிசிபி, அதே சாமானின் இப்போதைய பெயர், இரண்டு பேரும் கண்டுகொள்வதில்லை. வோல்டேஜும் அப்படித்தான். 2008-லேயே சிங்கிள் ஃபேஸுக்கு 230, மூணு ஃபேஸுக்கு 400 என்று மாற்றிவிட்டார்கள், சைட்டில் இன்னும் பழைய "டூ ஃபார்ட்டி", "ஃபோர் ஃபிஃப்டீன்" தான். 1990-ல் மின்சாரக் கம்பெனி டிஎன்பி ஆன பிறகும் பெரியவர்கள் வாயில் அதன் பழைய பெயர் எல்எல்என் போகவில்லை.

சரி, நீங்கள் உண்மையிலேயே முதலில் பிடிக்க வேண்டியது இந்த எண்களை இல்லை. தப்பாக எடுத்தால் திரும்பக் கொண்டுபோய் வைக்கலாம், திட்டு விழும், அவ்வளவுதான். உயிரோடு விளையாடுவது இரண்டு மூன்று சின்னச் சொற்கள்.

மலாய்ப் பேச்சில் கரண்டுக்கு "ஆப்பி", அதாவது நெருப்பு. "ஆடா ஆப்பி?" என்றால் கரண்ட் இருக்கிறதா. அணைந்துவிட்டால் "மாத்தி". நீங்கள் மேல் மாடியில் சீலிங் ஃபேனுக்கு வயர் பிடித்துக்கொண்டு ஏணியில் நிற்கிறீர்கள், கீழே பிரேக்கர்கள் இருக்கும் டிபி பெட்டி முன்னால் இந்தோனேசியாக்காரர் ஒருவர், பக்கத்து அறையில் ஹேக்கிங் மெஷின் சுவரை உடைத்துக்கொண்டிருக்கிறது. அவர் "மாத்தி!" என்று கத்தினால் உங்கள் காதுக்கு எதையோ மாற்றிவிட்டார் என்றுதான் கேட்கும். சரி, அதைப் பழகிவிடலாம். அதைவிட மோசம் "ஆஃப்". மேலே இருப்பவர் "ஆஃப்?" என்று கேட்கிறார், கீழே இருப்பவருக்கு அது "ஆஃப் பண்ணு" என்று கேட்கிறது, அவர் எந்த எம்சிபி (அந்தந்த லைனை அணைக்கும் பிரேக்கர்) என்று தேடிக்கொண்டே "ஆஃப், ஆஃப்" என்கிறார். கேள்வி, உத்தரவு, பதில் மூன்றுக்கும் ஒரே சொல். கத்தலை நம்பி யாரும் வயரில் கை வைக்காதீர்கள். நீங்களே இறங்கிப் போய் எம்சிபியைப் பாருங்கள், முடிந்தால் பூட்டுப் போடுங்கள், மீட்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் உங்கள் வயரில் வையுங்கள். சட்டைப் பையில் இருக்கும் டெஸ்ட் பென் எரியவில்லை என்பதை நான் ஆதாரமாக எடுப்பதில்லை.

அடுத்தது நீலம். சுவருக்குள் போகும் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் லைவ் வயர், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். "நீலம் போச்சு" என்றால் ஒரு ஃபேஸ் வரவில்லை, வீட்டில் ஒரு பகுதி மட்டும் இருட்டு. ஆனால் ஃபேன், ஹீட்டர் கூடவே வரும் மெல்லிய கேபிளில் பழுப்புதான் லைவ், நீலம் நியூட்ரல்! "நீலத்தைப் பிடி" என்று யாராவது சொன்னால் எந்த நீலம் என்று கேட்காமல் தொடக் கூடாது. கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மற்றதெல்லாம் போகப் போக வந்துவிடும். "பாய்ண்ட்" என்பது கூலிக் கணக்கு, ஒரு லைட்டோ சாக்கெட்டோ ஒரு பாய்ண்ட். "மெக்கர் பண்ணியாச்சா" என்றால் இன்சுலேஷன் டெஸ்ட். ஜாலான் பாசார் கடைகளுக்குச் சாமான் வாங்க அனுப்பினால் மட்டும் வாய்ப்பேச்சை நம்பாமல் பழைய பீஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள்.

வேலை முடியும் நேரத்தில் "ஜி, ஹெச் ரெடியா?" என்று வீட்டுக்காரர் யாராவது உங்களையே கேட்பார். இரண்டும் டிஎன்பி சப்ளைக்குக் கொடுக்கும் பாரங்கள்: ஜி மேற்பார்வைக்கும் வேலை முடிந்ததற்கும், ஹெச் டெஸ்டுக்கு. லைசென்ஸ் உள்ள வயர்மேன்தான் கையெழுத்துப் போட முடியும், அதனால் "பாஸைக் கேளுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்கு ஏணியை வண்டியில் ஏற்றலாம்.