இயற்கையைப் பாதுகாப்பதாகச் சொல்லும் தன்னார்வலர்கள் இங்கிலாந்தில் குளிர்காலம் வந்தால் மரங்களை வெட்டுவது ஏன்?

கிழக்கு இங்கிலாந்தில் வசிக்கும் நான், குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தகைய குழுவொன்றுடன் வேலைக்குப் போவதுண்டு. வெட்டுவதை நிறுத்தியதால் நலிந்துபோன காடுகள் இங்கே பல இருக்கின்றன என்பதே என் பதில்.

இங்குள்ள பழங்காடுகளில் பெரும்பாலானவை மனிதக் கை படாத வனங்கள் அல்ல. சஃபோக்கில் உள்ள பிராட்ஃபீல்ட் காட்டில் 1252ஆம் ஆண்டு முதலே முறைவைத்து மரம் வெட்டி வந்ததற்குப் பதிவுகள் உள்ளன. ஹேசல் மரத்தைத் தரையை ஒட்டி வெட்டினால் அது பட்டுப்போவதில்லை. கரும்பில் மறுதாம்பு கிளம்புவதுபோல அடிக்கட்டையிலிருந்து பல தண்டுகள் கிளம்பி, ஏழு முதல் பத்து ஆண்டுகளில் மீண்டும் வெட்டும் பருவத்துக்கு வந்துவிடும். காட்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து ஆண்டுக்கு ஒன்றாக வெட்டி வந்ததால், தரையில் வெயில் விழும் இடம் எங்காவது ஒன்று எப்போதும் இருந்தது. பிரிம்ரோஸ், புளூபெல் போன்ற பூச்செடிகளும், கென்ட் பகுதியின் பிளீன் காடுகளில் வாழும் ஹீத் ஃபிரிட்டிலரி பட்டாம்பூச்சியும் அந்த வெயிலை நம்பியே இருந்தன. விறகுக்கும் கழிகளுக்கும் தேவை குறைந்து இவ்வழக்கம் கைவிடப்பட்டபோது, மேலே இலைகள் மூடிக்கொண்டு கீழே இருள் சூழ்ந்தது.

குளிர்காலத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அப்போது இலை உதிர்ந்து மரம் உறக்கத்தில் இருப்பதுதான். வசந்தம் வந்ததும் வேரில் சேமித்த சத்து முழுவதும் புதுத் தளிருக்குப் போகும். பறவைகளும் குளிர்காலத்தில் கூடு கட்டியிருப்பதில்லை. பயன்பாட்டில் உள்ள கூட்டை வேண்டுமென்றே அழிப்பது 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதால், மார்ச் தொடங்குவதற்குள் வேலையை முடித்துவிடப் பார்ப்பார்கள். எனினும் குளிர்காலத்தில் காடு வெறுமையாகக் கிடப்பதாக எண்ணிவிடக் கூடாது: டார்மௌஸ் என்னும் சிற்றெலி போன்ற உயிர் இலைச்சருகுக்கு அடியில், தரை மட்டத்தில் உறங்கிக்கொண்டிருக்கும். பழைய சுள்ளிக் குவியலில் முள்ளெலி புகுந்திருக்கலாம் என்பதால், அதை இடம் மாற்றிப் பார்க்காமல் தீ வைப்பதில்லை.

புதிதாக வருபவருக்கு முதலில் கற்றுத்தருவது, தண்டு சாயும் பக்கத்தில், கீழிருந்து சிறிது அறுத்துவிட்டுப் பிறகே மேலிருந்து ரம்பத்தை இறக்க வேண்டும் என்பதுதான். இல்லையேல் சாயும் தண்டு பட்டையைக் கட்டைவரை உரித்துக்கொண்டு போய்விடும். வெட்டிய சுள்ளிகளைக் கட்டையைச் சுற்றி வேலிபோல அடுக்குவதும் உண்டு. மன்ட்ஜாக் மான்களுக்கு அந்தத் தளிர் அவ்வளவு பிடித்தமானது.

சதுப்பு நிலத்தில் கதை தலைகீழ். கேம்பிரிட்ஜ்ஷயரில் உள்ள விக்கன் ஃபென் போன்ற இடங்களில் வில்லோ புதர்கள் நாணலுக்குள் ஏறி வரும்போது, அவை மறுபடி துளிர்ப்பதுதான் தொல்லை. நாணலைப் பல ஆண்டுகள் வெட்டாமல் விட்டாலோ, காய்ந்த தாள்கள் மட்கிச் சேர்ந்து தரை உயர்ந்து, சேறு மெல்ல மேடாகிவிடும். ஆகவே பகுதி பகுதியாக வெட்டி, வாரி வெளியேற்ற வேண்டும். முழங்கால் சேற்றில் நின்று நனைந்த நாணலை இழுப்பது, மரம் அறுப்பதைவிடக் கடினம் என்பது என் கருத்து. நாணலுக்குள் மறைந்து வாழும் பிட்டர்ன் என்ற கொக்கினப் பறவையில், குரலெழுப்பும் ஆண்கள் 1997இல் பிரிட்டன் முழுவதிலும் 11 மட்டுமே எஞ்சியிருந்தன. நாணல் நிலங்களைச் சீரமைத்ததோடு புதிதாகவும் உருவாக்கிய பிறகு அந்த எண்ணிக்கை இப்போது 200ஐத் தாண்டியிருக்கிறது.

இவ்வேலை எல்லாக் காட்டுக்கும் பொருந்தாது. நெடுங்காலம் வெட்டாமல் விடப்பட்டு, முதிர்ந்த மரங்களும் பட்ட மரங்களில் வாழும் வண்டுகளும் காளான்களும் நிலைபெற்றுவிட்ட இடத்தை அப்படியே விடுவதே நல்லது. எதை வெட்டுவது, எதை விடுவது என்பதைக் காப்பகத்தின் பொறுப்பாளர் முன்கூட்டியே திட்டமிட்டு, வெட்ட வேண்டிய மரங்களில் குறியிட்டு வைத்திருப்பார். நாங்கள் அந்தக் குறியைப் பார்த்துத்தான் ரம்பத்தை எடுக்கிறோம்.