ஐந்து ஸ்டார் பட்டியலில் உங்கள் பையனைத் தேடாதீர்கள்

சார், வணக்கம்.

நீங்கள் அனுப்பிய எக்ஸெல் ஷீட்டைப் பார்த்தேன். அமெரிக்கா முழுக்க இந்த வருடம் பள்ளி முடித்துக் கல்லூரி அணிகளில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடப் போகிற 64 லைன்பேக்கர்கள், அதாவது உங்கள் பையன் ஆடுகிற தடுப்பாட்ட இடத்து ஆட்கள். உயரம், எடை, 40 கஜம் ஓடிய நேரம், திறமைக்கு இணையதளங்கள் தரும் ஸ்டார் எத்தனை, எந்தக் கல்லூரி ஆஃபர் கொடுத்தது, யார் எப்போது கமிட் ஆனார் (வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்), யார் கடைசி நேரத்தில் மனம் மாறினார், எல்லாவற்றுக்கும் தனித்தனி வண்ணம். கடைசி வரியில் மஞ்சளில் உங்கள் பையன். 5 அடி 11 அங்குலம், 195 பவுண்ட். ஸ்டார் என்ற தலைப்புக்குக் கீழே அவனுக்கு ஒரு சின்னக் கோடு மட்டும்.

மெயில் வந்த நேரம் இரவு 1.20. அதைப் பார்த்ததும் ஷீட்டைவிட உங்கள் தூக்கம்தான் எனக்குக் கவலையாக இருந்தது.

நாம் வளர்ந்த ஊரில் ரேங்க் லிஸ்ட் என்றால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. கட்-ஆஃப் இருந்தால் கலந்தாய்வில் சீட், அரை மார்க் குறைந்தால் அடுத்த கல்லூரி. அந்தக் கண்ணோடு இந்த ஸ்டாரையும் பார்க்கிறீர்கள். இரண்டும் வேறு. ஸ்டார் கொடுப்பது கல்லூரி கிடையாது. 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈஎஸ்பிஎன் மாதிரி இணையதளங்களில் இருப்பவர்கள் வீடியோ பார்த்து, கேம்ப்புக்குப் போய்ப் பார்த்து, தங்கள் கணிப்பில் போடுவது. அதைச் சந்தா கட்டிப் படிப்பவர்கள் ரசிகர்கள். நம் அணிக்கு அடுத்த வருடம் யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசைக்காக நடக்கிற வியாபாரம் அது. கோச் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே சீட் நிரப்புவதில்லை.

ஸ்டார் பொய் என்று சொல்ல வரவில்லை. மொத்தமாக எடுத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. நான்கு, ஐந்து ஸ்டார் ஆட்களை நிறையச் சேர்க்கும் கல்லூரிகள்தான் வருடா வருடம் மேலே நிற்கின்றன. ஆனால் தனி ஒரு பையன் விஷயத்தில் தடுமாறும். உங்கள் வீட்டிலிருந்து கிளம்பினால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சவுத்லேக் கேரல் பள்ளியின் குவின் யூவர்ஸ் 247ஸ்போர்ட்ஸ் கூட்டு மதிப்பீட்டில் முழு மதிப்பெண் வாங்கியவர். 2021-இல் பள்ளியின் கடைசி வருடத்தையே விட்டுவிட்டு ஒஹாயோ ஸ்டேட் போனார், பிறகு டெக்சாஸுக்குத் திரும்பினார். அதே டெக்சாஸில், ஹூஸ்டன் பக்கத்து வெஸ்ட் கொலம்பியாவில் கேம் வார்ட் என்ற பையன். அவர் பள்ளி அணி பந்தை வீசுவதைவிடக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதையே நம்பிய அணி. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக இருந்தும் வீசிக் காட்ட வாய்ப்பு குறைவு. ஸ்டாரே இல்லை. சான் ஆன்டோனியோவின் இன்கார்னேட் வேர்ட் மட்டும் ஸ்காலர்ஷிப் கொடுத்தது. அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், அப்புறம் மயாமி. தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை எடுக்கும் 2025 என்எஃப்எல் டிராஃப்டில் வார்ட் முதல் ஆள். யூவர்ஸ் 231-ஆவது.

இதைப் படித்ததும் "அப்போ நம்ம பையனும்..." என்று உங்கள் மனம் ஓடும், எனக்குத் தெரியும். ஓட விடாதீர்கள். வார்ட் கதை காதில் விழுகிறது என்றால் அது அபூர்வம் என்பதால்தான். பள்ளியில் ஃபுட்பால் ஆடுகிற பத்து லட்சம் பேரில் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் கல்லூரிகளில் ஆடப் போவது சுமார் 7 சதவீதம். அதில் மேல்தட்டான டிவிஷன் ஒன் பாதிகூட இல்லை. உங்கள் ஷீட்டில் இருக்கும் 64 பேரும் அந்தப் பாதிக்குள், அதிலும் உச்சியில் நிற்பவர்கள். அவர்களோடு உங்கள் பையனை வைத்துப் பார்ப்பது, தெருவில் நன்றாகப் பாடுகிற பிள்ளையை டிசம்பர் சீசன் கச்சேரிப் பட்டியலில் தேடுகிற மாதிரி.

சரி, பின்தொடர்வதை விட்டுவிடுங்கள் என்றால் விடமாட்டீர்கள். பார்க்கிற பொருளை மட்டும் மாற்றலாம். 64 பேரின் பெயரை அழித்துவிட்டு 25 கல்லூரிகளின் பெயரைப் போடுங்கள். ஒவ்வொரு கல்லூரியின் ரோஸ்டரும் (வீரர் பட்டியல்) அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது. லைன்பேக்கர்கள் எத்தனை பேர், எந்த வருடம் படிக்கிறார்கள், எத்தனை பேர் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள், எத்தனை பேர் வேறு கல்லூரியிலிருந்து டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் தளம்) வழியாக வந்தவர்கள் என்று எண்ணுங்கள். உங்கள் பையன் சேரும் வருடத்தில் நான்கு பேர் படிப்பு முடித்துப் போகும் இடமும், ஒருவர்கூடப் போகாத இடமும் ஒன்றில்லை. அங்கே இப்போது ஆடுபவர்களின் உயரம் எடையையும் பாருங்கள். எல்லோரும் 6 அடி 2 அங்குலம் என்றால் அந்தக் கோச் எந்த அச்சில் ஆள் தேடுகிறார் என்பது புரிந்துவிடும்.

போர்ட்டலை ஏன் சொல்கிறேன் என்றால், கடந்த ஐந்தாறு வருடத்தில் இந்த விளையாட்டை அதுதான் புரட்டிப் போட்டிருக்கிறது. முன்பு கல்லூரி மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும். 2021-இல் ஒரு முறைக்கு அந்தத் தடை போனது. 2024-இல் படிப்பில் தகுதியோடு இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்று ஆனது. வேலை போகுமோ என்ற பயத்தில் இருக்கும் கோச், மூன்று வருடம் வளர்க்க வேண்டிய 17 வயதுப் பையனைவிட, இரண்டு சீசன் ஆடித் தேர்ந்த 21 வயது ஆளைத்தான் எடுப்பார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

அதன் மேல் 2025 ஜூனில், வீரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத் தீர்ப்பு. பெரிய கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் பகிரலாம், முதல் வருட வரம்பு ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டும் சேர்த்து சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அந்தத் தொகையையே பேசினார்கள். உங்களுக்கு முக்கியமானது அதே தீர்ப்பில் இருக்கும் 105 என்ற எண். முன்பு 85 பேருக்கு ஸ்காலர்ஷிப், அதற்கு மேல் சொந்தச் செலவில் வாக்-ஆனாக எத்தனை பேரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சில அணிகள் 120-ஐத் தாண்டின. இப்போது அந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் மொத்தமே 105. "ஸ்காலர்ஷிப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாக்-ஆனாக உள்ளே போய் நிரூபித்துக்கொள்வான்" என்று எழுதியிருந்தீர்களே, அந்தக் கதவு மூடவில்லை. ஆனால் முன்பைவிடக் குறுகிவிட்டது.

அடுத்து, உங்கள் ஷீட்டில் ஆஃபர் என்று ஒரு தலைப்பு. சில வருடம் முன்பு என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். ஜூன் மாதம் ஒரு கல்லூரி கேம்ப்பில் பிரமாதமாக ஆடினான். கோச் தோளில் கைபோட்டு "உனக்கு இங்கே ஆஃபர் இருக்கு" என்றார். அன்று மாலையே அந்தக் கல்லூரி ஜெர்சி போட்ட படம் ட்விட்டரில் ஏறியது, வீட்டில் கேக் வெட்டினார்கள், ஊரில் இருக்கும் தாத்தாவுக்கு வீடியோ கால். ஆகஸ்டில் "நான் கமிட் ஆகிறேன் கோச்" என்று போன் செய்தால், "கொஞ்சம் பொறுத்துக்கோ, உன் இடத்துக்கு இன்னும் இரண்டு பேரைப் பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்று பதில். அந்த இரண்டு பேரும் சரி என்றுவிட்டார்கள். பையனுக்கு அதன் பிறகு யாரும் போன் செய்யவில்லை. அவன் அம்மா என் அறையில் உட்கார்ந்து, "கொடுத்துட்டுத் திருப்பி வாங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வாங்கலாம். டிசம்பர் முதல் வாரத்தில் கையெழுத்துக் காலம் தொடங்கி, நிதி உதவி ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை இரண்டு பக்கமும் வெறும் வாய்ச்சொல்தான். நவம்பர் கடைசியில் தலைமைக் கோச்சை வேலையிலிருந்து அனுப்பிவிட்டால், வருகிற புது கோச் பழைய வாக்குறுதிக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. அதனால் ஆஃபர் என்ற சொல் காதில் விழுந்ததும் பையன் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இன்றைக்கே நான் சரி என்றால் இன்றைக்கே ஏற்றுக்கொள்வீர்களா?" கேட்பது நீங்கள் இல்லை, அவன். அப்பா பேசுகிற பையனைக் கோச்சுகள் விரும்புவதில்லை.

கேம்ப் அழைப்பு மெயில்களைத் தனியாக எண்ணி, 31 என்று போட்டிருக்கிறீர்கள். அதை அழித்துவிடலாம். அது கல்யாணப் பத்திரிகை மாதிரி, ஊருக்கே போகும். பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1 முதல் டிவிஷன் ஒன் கோச்சுகள் மாணவனுக்கு நேரடியாக எழுதலாம். அந்தத் தேதிக்குப் பிறகு, அவன் ஆட்டத்தில் ஒரு குறிப்பிட்ட காட்சியைச் சொல்லி எழுதியவர் யார் என்று பாருங்கள். அப்படி எழுதியவர்கள் இரண்டே பேர் என்று பையன் சொன்னான். ஒன்று டிவிஷன் டூ, ஒன்று டிவிஷன் த்ரீ. உங்கள் ஷீட்டில் இந்த இரண்டும் இல்லவே இல்லை.

ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் "டிவியில் வராத அணி" என்பீர்கள். டிவிஷன் டூவில் ஓர் அணிக்கு 36 ஸ்காலர்ஷிப் அளவு பணம், அதை நூறு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பாதி, கால் என்று வரும், படிப்புக்கான உதவித்தொகையோடு சேர்த்தால் கணக்கு மாறும். மேற்கு டெக்சாஸ் ஏ அண்ட் எம், ஏஞ்சலோ ஸ்டேட் எல்லாம் இந்த வகை. டிவிஷன் த்ரீயில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஆனால் அந்த வரிசையில் யார் இருக்கிறார்கள் தெரியுமா? எம்ஐடி, சிகாகோ பல்கலைக்கழகம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கார்னெகி மெலன். சான் ஆன்டோனியோவில் டிரினிட்டி. எல்லாவற்றுக்கும் ஃபுட்பால் அணி உண்டு. இதைச் சொன்னபோது போனில் உங்கள் வீட்டு அம்மாவின் குரலே மாறியது. உடனே குதிக்க வேண்டாம். எம்ஐடியில் கோச் ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம், சீட் கொடுப்பது அட்மிஷன் அலுவலகம்தான். ஐவி லீக்கிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி.

மார்க் விஷயத்தில் பையன் பரவாயில்லை, ஆனாலும் ஒன்று சரிபாருங்கள். டிவிஷன் ஒன்னுக்கு 16 கோர் பாடங்கள் (தகுதிக்கு என்சிஏஏ கணக்கில் எடுக்கும் பாடங்கள்), அவற்றில் குறைந்தது 2.3 ஜிபிஏ. அதில் பத்துப் பாடத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் முடிக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஏ கொடுத்துவிட்டார்கள் என்பதால் அது கோர் ஆகிவிடாது. உங்கள் பள்ளிக்கு என்சிஏஏ அங்கீகரித்த பாடப் பட்டியல் தனியாக இருக்கிறது. அவன் எடுத்திருக்கும் இரண்டு விருப்பப் பாடங்களை அதில் தேடிப் பாருங்கள்.

உங்கள் மெயிலில் ஒரே வரியில் கடந்துபோன விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கிரீன் கார்டு இன்னும் வரவில்லை, பையன் எச்-4, அதாவது பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த விசா. அப்படியென்றால் மத்திய அரசின் மாணவர் நிதி உதவி அவனுக்கு இல்லை. 21 வயதில் எச்-4 முடியும், அது அவன் கல்லூரியில் பாதி தூரத்தில் இருக்கும்போது வரும். பெயர், படத்தை வைத்து என்ஐஎல் வழியாக வரும் பணமோ, கல்லூரி தரும் பங்கோ, வேலை அனுமதி இல்லாதவனுக்குச் சிக்கலாகிவிடும். எந்தக் கோச்சும் இதை உங்களுக்காக யோசிக்கமாட்டார். ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கோச்சுகளிடம் வீரர்களை அறிமுகப்படுத்தித் தருகிறோம் என்கிற அந்த நிறுவனத்துக்கு நீங்கள் கட்டவிருக்கும் தொகையில் சிறு பகுதி இதற்குப் போதும். அந்த நிறுவனம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் அனுப்பும் மெயிலைப் பையனே அனுப்பலாம்.

ஆட்டத்தில் அடிபட்டால் என்ன செய்வது என்று பையனின் அம்மா கேட்டதற்கு ஒரு சின்னப் பதில். 2024 ஆகஸ்ட் முதல் டிவிஷன் ஒன் கல்லூரிகள், ஆட்டத்தில் பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவைப் படிப்பு முடிந்தும் இரண்டு வருடம் ஏற்க வேண்டும். மற்ற டிவிஷன்களில் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், நேரில் போகும்போது கேளுங்கள். தலையில் படும் அடிக்கு எந்தக் கல்லூரியும் உத்தரவாதம் தராது. அதை நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

பையனின் பள்ளி கோச்சிடம் "எந்த லெவலில் இவன் ஆடுவான், மனசாட்சிப்படி சொல்லுங்கள்" என்று இதுவரை யாருமே கேட்கவில்லை என்று தெரிந்தபோது ஆச்சரியப்பட்டேன். அவர் வாரத்தில் ஆறு நாள் இவனைப் பார்க்கிறவர். ரசிகர்கள் பட்டியலை விட்டுவிட்டு அவர் சொல்வதில் இருந்து தொடங்கலாம்.

கடைசியாக, வீரர்கள் ஆட்ட வீடியோ போடும் ஹட்ல் தளத்தில் அவன் வைத்திருக்கும் வீடியோவை இரண்டு முறை பார்த்தேன். முதல் 25 விநாடி அவன் பெயர் புகை மூட்டத்துக்குள்ளிருந்து பறந்து வருகிறது, பின்னால் டமார் டமார் என்று பாட்டு. அடுத்து வரும் நாலைந்து டேக்கிள்கள் (பந்தோடு ஓடுபவனைப் பிடித்து வீழ்த்துவது) யாரும் செய்யக்கூடியவை. மூன்றாவது நிமிடத்தில் ஒரு காட்சி இருக்கிறது: எதிரணி இடது பக்கம் போவதுபோலப் பாவனை காட்டுகிறது, இவன் ஏமாறாமல் ஒரு கணம் நின்று, வலப்பக்கம் திரும்பி, தன்னைத் தடுக்க வந்தவனின் கையைத் தட்டிவிட்டுப் போய்ப் பிடிக்கிறான். கோச்சுகள் அந்த மூன்றாவது நிமிடம்வரை காத்திருக்கமாட்டார்கள். பாட்டையும் புகையையும் எடுத்துவிட்டு அந்தக் காட்சியை முதலில் வைக்கச் சொல்லுங்கள். வியாழக்கிழமை ஆறரை மணிக்கு அவனும் வரட்டும், உங்கள் ஷீட் வேண்டாம், அவன் மதிப்பெண் பட்டியலை மட்டும் எடுத்து வாருங்கள்.