ஆட்டோமேட்டிக் காருக்குக் கியர் ஆயில் மாற்ற வேண்டுமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சார், பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கினேன். அறுவடை சமயத்தில் கும்பகோணம் ரோட்டில் நெல் மூட்டை டிராக்டருக்குப் பின்னாலேயே ஊர்ந்து போனால் கருகிய வாடை வருகிறது, கியர் மாறும்போது குலுக்குகிறது. கியர்பாக்ஸ் போய்விட்டதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பயப்படாதீர்கள். ஆட்டோமேட்டிக்கில் ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக இயக்குவது), டார்க் கன்வர்ட்டர் (ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்துவது), சிவிடி (பெல்ட்டில் ஓடுவது), டிசிடி (இரண்டு கிளட்ச் உள்ளது) என்று பல வகை உண்டு, உங்களுடையது எது என்று ஆர்சி புத்தகத்தில் தெரியாது, வண்டியோடு வந்த கையேட்டில்தான் இருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஏஎம்டி போலத் தெரிகிறது, 2014-ல் மாருதி செலேரியோவில் வந்து பிரபலமான வகை. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்ச் பிளேட்டும்தான், உங்கள் இடது கால் செய்கிற வேலையை ஆக்சுவேட்டர் என்கிற ஒரு தானியங்கிக் கருவி செய்கிறது. டிராக்டர் பின்னால் நடை வேகத்தில் போனால் கிளட்ச் பிடித்தும் பிடிக்காமலும் உரசிக்கொண்டே இருக்கும், வாடை அதிலிருந்துதான். கொஞ்சம் இடைவெளி விட்டு நில்லுங்கள், வழி கிடைத்ததும் ஒரேயடியாக நகருங்கள். நம் பக்கம் மேடு என்றால் ஆற்றுப் பாலம் ஏறுகிற இடம்தான், அங்கே ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், பிரேக் போடுங்கள். கியர் மாறுகிற நொடியில் காலைச் சற்றே தளர்த்தினால் குலுக்கலும் குறையும். அப்புறமும் வாடை வந்தால் கிளட்ச்சைப் பார்க்கச் சொல்லுங்கள். எடுத்ததுமே கியர்பாக்ஸையே மாற்று என்று யாராவது சொன்னால் இன்னொரு இடத்திலும் கேளுங்கள்.

கேள்வி: என் கார் டார்க் கன்வர்ட்டர். கியர் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்கிறார்களே?
– வாசகர், திருவாரூர்

பதில்: அதை நம்பி விட்டுவிடாதீர்கள், நல்ல கியர்பாக்ஸ் பல இப்படித்தான் வீணாகின்றன. இந்த வகையில் எஞ்சின் சக்தியைக் கடத்துவது, உள்ளே இருக்கிற கிளட்ச்சுகளை அழுத்துவது, சூட்டைத் தணிப்பது எல்லாமே அந்த ஆயில்தான், சூடேற ஏற அது கெட்டுக்கொண்டே வரும். கையேட்டில் கடினமான உபயோகம் என்று தனியாக ஒரு அட்டவணை போட்டிருப்பார்கள், வெயில், நெரிசல், முழு லோடு எல்லாம் அதில்தான் சேரும், நம் ஓட்டமும் அதுதான். கையேட்டில் ஒன்றும் இல்லையென்றால் 60,000 கிலோமீட்டரை ஒட்டி மாற்றிவிடுவது நல்லது. ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். புது ஆயில் பெரும்பாலும் நல்ல சிவப்பு. கரும்பழுப்பாகி, தீய்ந்த வாடை அடித்தால் நாள் தள்ளாதீர்கள்.

ஆயில் மாற்றும்போது மெக்கானிக்கின் பக்கத்திலேயே நில்லுங்கள். கீழே போல்ட்டைத் திறந்தால் ஒரு பகுதிதான் வடியும், மிச்சம் கன்வர்ட்டரிலேயே நிற்கும். அளவு பார்ப்பதும் கம்பெனி சொன்ன சூட்டில்தான், பல வண்டிகளில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சிவிடி வைத்திருப்பவர்கள் அதற்கென்று உள்ள ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்ற விடாதீர்கள், பெல்ட் கெட்டுவிடும்.

கேள்வி: ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீரில் ஆட்டோமேட்டிக் கார் நின்றுவிட்டால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?
– வாசகர், சீர்காழி

பதில்: கூடாது. தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. சாவியையும் திருப்பாதீர்கள், எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனைப் பிடித்திருக்கிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கரையேற்ற ஓரடி ஈரடி நியூட்ரலில் தள்ளலாம், அவ்வளவுதான். டிராக்டரில் கயிறு கட்டி ஊர் வரை இழுத்துப் போகிற வேலை வேண்டாம், எஞ்சின் ஓடாமல் கியர்பாக்ஸ் ஆயில் பம்ப் வேலை செய்யாது, சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே காய்ந்துபோய்த் தேயும். முழு வண்டியையும் மேலே ஏற்றிக்கொள்ளும் ரெக்கவரி லாரியைக் கூப்பிடுங்கள்.

கியர்பாக்ஸுக்கு மூச்சுவிட ஒரு சின்னத் துளை உண்டு, வெள்ளத்தில் அது வழியாகத் தண்ணீர் இறங்கும். ஆயில் ரோஸ் மில்க் நிறத்துக்கு வந்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, சுத்தமாக வெளியேற்றிப் புதிது ஊற்றாமல் வண்டியை எடுக்கவே கூடாது. வொர்க்ஷாப்பில் பெரும்பாலும் எஞ்சினைப் பார்த்ததோடு அனுப்பிவிடுகிறார்கள், செய்ய வேண்டிய வேலைகளை எழுதுகிற ஜாப் கார்டில் கியர்பாக்ஸ் ஆயிலையும் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.