ஏழு பேரும் நர்சிங் என்றால் எட்டாவது பிள்ளையும் நர்சிங்தானா?

அன்புள்ள அக்கா,

குமரி மாவட்டக் கடற்கரையில் நீரோடியிலிருந்து நீங்கள் எழுதியதை நிதானமாகப் படித்தேன். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். அவளோடு ஒன்றாகச் சுற்றிய ஏழு பிள்ளைகளும் பெங்களூருவில் ஒரே நர்சிங் கல்லூரிக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டார்கள். அப்பா தங்கலுக்குப் போய், அதாவது பல நாள் கடலிலேயே தங்கிப் பிடித்து, கொண்டுவந்த மீனுக்கெல்லாம் பெயர் கேட்டு நோட்டில் எழுதிவைத்தவள், மீன்வளம் படிக்கப் போகிறேன் என்று பதினொன்றாம் வகுப்பில் சொன்னவள், இப்போது “நானும் நர்சிங்தான்” என்கிறாள். ஏஜென்ட் திங்கட்கிழமைக்குள் பணம் கேட்கிறார். தோழிகள் அவள் மனதைக் கலைத்துவிட்டார்களா, இது அவள் ஆசையா அவர்கள் ஆசையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு காரியம். திங்கட்கிழமை பணம் கட்டாதீர்கள். நகையை அடகு வைக்கவும் வேண்டாம். “சீட் போய்விடும்” என்று ஏஜென்ட் சொல்வார். யோசிக்க நேரம் இல்லை என்று தோன்ற வைத்தாலே போதும், மனுஷன் பக்கத்தில் இருப்பவர் செய்வதைத் தானும் செய்துவிடுவான். அந்த அவசரத்தில்தான் அவருடைய கமிஷனும் இருக்கிறது.

சரி, இப்போது தோழிகள் விஷயம். உங்கள் கடிதத்திலேயே இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். குவைத்தில் நர்சாக இருக்கும் உங்கள் நாத்தனார். “பெண்பிள்ளைக்கு நர்சிங்தான் பத்திரம்” என்று சொன்ன அன்பியத்து (பங்குக் கோயிலின் அக்கம்பக்கக் குழு) அக்காமார். அப்புறம், “மீனைப் பற்றிப் படிக்கக் காலேஜுக்குப் போகணுமா?” என்று கேட்ட உங்கள் அண்ணன். இவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு வீட்டிலேயேதான் உங்கள் மகள் இருந்தாள். அவள் ஆசை மங்கியதில் அந்த ஏழு பிள்ளைகளுக்கு எவ்வளவு பங்கோ, அதே அளவு பங்கு வீட்டுக்கும் ஊருக்கும் இருக்கிறது. அவர்களோடு பேசாதே என்று அவளைத் தடுத்தால் பேச்சு நிற்கும், பாரம் குறையாது.

1951-ல் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளத்துக்குச் சமமானது எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தனியாகக் கேட்டால் அநேகமாக யாருமே தவறு செய்வதில்லை. ஆனால் ஒரு மாணவரைச் சுற்றி, முன்பே பேசிவைத்த ஆட்களை உட்காரவைத்து, அவர்கள் எல்லோரும் ஒரே தவறான விடையை உரக்கச் சொன்ன பிறகு அவரைக் கேட்டார்கள். கண்ணுக்கு நேரே தெரியும் கோட்டைப் பற்றிக்கூட, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தின் தவற்றோடு சேர்ந்தே வந்தன. நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு போனார்கள். கோட்டின் நீளத்திலேயே இப்படி என்றால், பதினேழு வயதுப் பிள்ளை தன் எதிர்காலத்தைப் பற்றித் தடுமாறுவதில் அதிசயம் என்ன? அதை அவள் பலவீனமாக நினைத்துக் கோபப்படாதீர்கள்.

அதே சோதனையில் உங்களுக்கு உதவக்கூடிய விஷயங்கள் மூன்று இருக்கின்றன. எதிரே ஒரே ஒருவர் தவறாகச் சொன்னால் அநேகமாக யாரும் அசைவதில்லை. மூன்று பேர் ஆனதும் கூட்டத்தின் அழுத்தம் அநேகமாக முழுதாக வந்துவிடுகிறது, அதற்கு மேல் எத்தனை பேர் சேர்ந்தாலும் பெரிதாகக் கூடுவதில்லை. அதனால் “ஏழு பேர்” என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். இரண்டாவது, கூட்டத்தில் ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னால் போதும், தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. மூன்றாவது, விடையை உரக்கச் சொல்லாமல் தாளில் எழுதிக்கொள்ள விட்டபோதும் கூட்டத்தின் பிடி நன்றாகத் தளர்ந்தது. இந்தக் கடைசி இரண்டையும் உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம், அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பிறரைப் பார்த்து முடிவெடுப்பதில் இரண்டு வகை உண்டு என்று மார்ட்டன் டாய்ச், ஹரால்ட் ஜெரார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1955-ல் பிரித்துக் காட்டினார்கள். அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று நம்பிப் பின்பற்றுவது ஒன்று. அவர்கள் நம்மை ஒதுக்கிவிடக் கூடாதே என்று பின்பற்றுவது இன்னொன்று. நம் கடற்கரையில் நர்சிங் பரவியதில் முதல் வகை நிறையவே உண்டு. 1960-களில் மலையாளி நர்சுகள் ஜெர்மனிக்குப் போனார்கள், பிறகு வளைகுடா நாடுகள் திறந்தன. எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பொழியூரிலும் பூவாரிலும் பக்கத்து வீட்டுச் சேச்சி போய் வீடு கட்டியதை நீரோடிக்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள். உங்கள் நாத்தனார் போன பாதை மெய்யான பாதை. எந்தத் தேர்வு எழுத வேண்டும், எத்தனை வருஷ அனுபவம் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிந்தது எனக்குக்கூடத் தெரியாமல் இருக்கலாம். அந்த அறிவை மதித்துக் கேளுங்கள்.

ஆனால் அந்த ஏழு பிள்ளைகள்? அவர்களுக்கு அந்தக் கல்லூரியைப் பற்றி எப்படித் தெரியும்? நீங்கள் எழுதியதிலிருந்து பார்த்தால் ஒரே ஏஜென்ட், ஒரே நோட்டீஸ், ஒரே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். முதல் பிள்ளை அவரை நம்பினாள். இரண்டாவது பிள்ளை முதல் பிள்ளையை நம்பினாள். மூன்றாவது பிள்ளை இரண்டு பேர் கட்டியதைப் பார்த்துக் கட்டினாள். ஏழாவது பிள்ளையிடம் வரும்போது ஆறு சாட்சிகள் மாதிரித் தெரிகிறது. உண்மையில் அங்கே இருப்பது ஒரே ஒரு ஆளின் வாக்குதான், அதுவும் விற்க வந்தவரின் வாக்கு. வேண்டுமானால் ஏழு வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், யாராவது அந்தக் கல்லூரியை நேரில் போய்ப் பார்த்தார்களா என்று.

அந்தப் பிள்ளைகளுக்குள்ளும் சந்தேகம் இருக்கும் என்றே நினைக்கிறேன். டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற இருவர் 1993-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வொன்றை வெளியிட்டார்கள். வளாகத்தில் நடக்கும் குடிப்பழக்கம் மாணவர்கள் பலருக்கு உள்ளுக்குள் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொருவரும், மற்றவர்களுக்கு இதில் தன்னளவு சங்கடம் இல்லை என்று எண்ணிக்கொண்டார்கள். யாரும் வாய் திறக்காததால் எல்லோரும் ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது. எட்டுப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று முதலில் எழுதப் போவது யார்? அந்த மௌனத்தைத்தான் உங்கள் மகள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள் போல.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. நீங்கள், உங்கள் வீட்டுக்காரர், மகள், மூன்று பேரும் ஆளுக்கொரு தாள் எடுத்துத் தனித்தனியாக எழுதுங்கள். என்ன படிக்கலாம், ஏன், எதைக் கண்டு பயம் என்று மூன்றே கேள்வி. வீட்டுக்காரர் கடலில் இருந்தால் கரைக்கு வரும்வரை பொறுங்கள், அவருடைய தாளும் வேண்டும். எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. பிறகு மகளின் தாளை முதலில் வாசியுங்கள், பெரியவர்கள் கடைசியில். நம் வீடுகளில் அப்பா முதலில் பேசினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், அதனால்தான் இந்த வரிசை. உங்கள் அண்ணன் அன்று அங்கே வேண்டாம்.

தாளில் “நர்சிங்” என்று வந்தாலும் வரலாம். அப்போது அது எந்த மாதிரி நர்சிங் என்று பார்க்க வேண்டும். ஹெர்பர்ட் கெல்மன் என்பவர் 1958-ல் மூன்று நிலைகளைப் பிரித்துச் சொன்னார். திட்டுக்கும் பாராட்டுக்கும் கட்டுப்பட்டு ஒத்துக்கொள்வது ஒரு நிலை. யாரையோ பிடித்துப்போய், அவர் மாதிரி ஆக வேண்டும், அவரோடு இருக்க வேண்டும் என்று ஒத்துக்கொள்வது அடுத்த நிலை. அந்தக் காரியமே தன் மனதுக்குப் பொருந்தி ஏற்றுக்கொள்வது மூன்றாவது. முதல் வகை, கண்காணிக்க ஆள் இருக்கும்வரை நிற்கும். இரண்டாவது, அந்த உறவு இருக்கும்வரை நிற்கும். மகளிடம் மெதுவாக இப்படிக் கேளுங்கள்: “மக்களே, இந்த ஏழு பேரும் வேறே ஊருக்குப் போயிட்டாங்க, நீ மட்டும் தனியா ஒரு நர்சிங் காலேஜ்ல சேரணும்னா சேருவியா?” அவள் முகத்தைப் பாருங்கள். பதில் உடனே வராவிட்டாலும் அவசரப்படுத்தாதீர்கள். தோழிகளைப் பிரியப் பயம் என்றால் அதுவும் நியாயமான பயம். ஆனால் அதற்காக நான்கு வருஷப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது, மாற்றிச் சொல்லும் அந்த ஒரு ஆள். அவர் மீன்வளப் படிப்பைப் புகழ்கிறவராக இருக்க வேண்டும் என்றில்லை. ஏழு பேரோடு சேராதவராக இருந்தால் போதும். இரவு டியூட்டி பார்த்து, வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் ஆன ஒரு நர்சைத் தேடிப் பிடியுங்கள். ஊரில் கிடைப்பார்கள். சம்பளம் எவ்வளவு என்பதோடு, முதல் மாதம் வார்டில் எப்படி இருந்தது என்றும் மகள் கேட்கட்டும். அதேபோல் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளையோடு பேசவிடுங்கள். விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமும் இல்லை. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு ஒருநாள் கூட்டிப் போங்கள். மீனைப் பற்றிய படிப்பு என்றால் என்ன என்று உங்கள் அண்ணனுக்கும் அங்கே தெரியும். அவரையும் அழைத்துப் போனால் நல்லது, இதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன். வள்ளத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அங்கே கேட்க ஆயிரம் கேள்வி இருக்கும்.

மீன்வளம் என்று முடிவானால்: தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தில் பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வள இளநிலைப் பட்டப்படிப்பு நான்கு வருஷம். தூத்துக்குடிக் கல்லூரி 1977-லிருந்து நடக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்படி தரவரிசை வரும். மீனவர் பிள்ளைகளுக்கான சிறப்புப் பிரிவு என்ன, அதற்கு எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று இந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டில் பார்த்து, அந்தச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். இதில் ஒரு குறையையும் மறைக்கக் கூடாது: அரசு வேலைக்கான இடங்கள் குறைவு, தனியார் பண்ணையிலும் ஏற்றுமதி நிறுவனத்திலும் தொடக்கச் சம்பளம் சுமார்தான். மேற்படிப்புக்கு மனம் இருக்கிற பிள்ளைக்கு இது நல்ல வழி.

நர்சிங்தான் என்று அவளே உறுதியாகச் சொன்னால், சந்தோஷமாக அனுப்புங்கள். ஆனால் ஏஜென்ட் வழியாக வேண்டாம். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குத் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது, அதற்கு முதலில் விண்ணப்பியுங்கள். பெங்களூருவே என்றால், கல்லூரியின் பெயர் இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா, கர்நாடக மாநிலக் கவுன்சில் அங்கீகாரம் உண்டா, ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததா என்று அந்தந்த இணையதளத்தில் நீங்களே பாருங்கள். பயிற்சிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா என்று மூன்றாம் வருஷம் படிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள், ஆபீஸில் கேட்காதீர்கள். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவராதீர்கள். உயர்கல்வி நிறுவனங்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே அறிவித்துவிட்டது. பணம் கட்டினால் கல்லூரிக் கணக்குக்கே கட்டி ரசீது வாங்குங்கள். “படித்து முடித்ததும் குவைத் விசா நிச்சயம்” என்று இப்போதே சொல்கிறவரை நம்ப வேண்டாம். வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்சுகளைத் தேர்ந்து அனுப்பும் பொறுப்பை மத்திய அரசு 2015-ல் அரசு சார்ந்த நிறுவனங்களிடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், கேரளத்தில் நோர்கா. உங்கள் நாத்தனாரிடம் கேளுங்கள், அவரே விவரமாகச் சொல்வார்.

இன்னும் முடிவு வராவிட்டால் இரண்டுக்குமே விண்ணப்பம் போடுங்கள். விண்ணப்பக் கட்டணம் போனால் போகட்டும். கடைசித் தேதிகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள், அதுதான் உண்மையான அவசரம்.

அந்த ஏழு பிள்ளைகளின் அம்மாமாரில் உங்களுக்கு நெருக்கமானவர் ஒருவராவது இருப்பார். இந்தக் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். அவர்கள் கட்டிய அட்வான்ஸுக்கு ரசீது இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ரசீது இல்லை என்றால் எல்லோரும் சேர்ந்து ஏஜென்டிடம் எழுதிக் கேட்க வேண்டும், அதற்கான கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். சனிக்கிழமை காலை மகளை மார்த்தாண்டத்துக்கு அழைத்து வாருங்கள். மீன் பெயர் எழுதிய அந்த நோட்டு இன்னும் இருந்தால் அதையும் எடுத்துவரச் சொல்லுங்கள். முதல் அரைமணி நேரம் அவளோடு தனியாகப் பேச விரும்புகிறேன், அதுவரை நீங்கள் வெளியே உட்கார வேண்டியிருக்கும்.