பழைய காரின் உட்புறம்: மாற்றுப் பொருள் தேடுவோருக்குச் சில பதில்கள்

அசல் பொருள் இப்போது கிடைப்பதில்லை, அதற்குப் பதிலாக எதைப் போடலாம் என்ற ஒரே கவலைதான் இம்முறை வந்த கேள்விகள் அனைத்திலும் இருக்கிறது.

கேள்வி: 1976ஆம் ஆண்டு அம்பாசடர் வைத்திருக்கிறேன். நான்கு டோர் பேடுகளும் (கதவுகளின் உட்பக்கத்தை மூடும் பலகைகள்) அடிப்பகுதியில் உப்பி, மாவாக உதிர்கின்றன. ஹார்டுபோர்டுக்குப் பதிலாகப் பிளைவுட் போடலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: போடலாம். ஆனால் பலகையை மாற்றும் முன், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுங்கள். கண்ணாடியில் வழியும் மழைநீரில் ஒரு பகுதி, ரப்பர் பீடிங்கைத் தாண்டிக் கதவுக்குள் இறங்குவது எல்லா வண்டிகளிலும் இயல்பு. அது கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும். அந்தத் துளைகள் மண்ணும் பெயின்ட்டும் சேர்ந்து அடைபட்டிருந்தாலோ, பலகைக்குப் பின்னால் ஈரத்தைத் தடுக்கும் பாலிதீன் தாள் இல்லாமல் இருந்தாலோ, எந்தப் பலகையைப் போட்டாலும் சில மழைக்காலங்களுக்கு மேல் தாங்காது.

பழைய பலகையின் மேற்பகுதி பெரும்பாலும் கெடாமல் இருக்கும். அதன் கனத்தை அளந்து, அதே கனத்தில் நீர் தாங்கும் பிளைவுட் வாங்குங்கள். பொதுவாக அது 3 மி.மீ. அளவில் வரும். கடையில் 4 மி.மீ.தான் இருக்கிறது என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள், ஏனெனில் கிளிப்புகள் கதவுத் தகட்டில் சரியாகப் பிடிக்காது, கண்ணாடி ஏற்றும் கைப்பிடியும் தன் தண்டில் முழுமையாக உட்காராது. நனையாது என்ற காரணத்தால் ஏபிஎஸ் பிளாஸ்டிக் தகட்டைப் பலர் பரிந்துரைக்கிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. 80 செ.மீ. நீளமுள்ள ஏபிஎஸ் தகடு 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 2 மி.மீ.க்கு மேல் நீளும். இரு பக்கமும் கிளிப் பிடித்திருப்பதால் அந்த நீளம் நடுவில் அலையாக எழும்பும்.

உதிர்ந்துபோன பழைய பலகையைத் தூக்கி எறியாதீர்கள். புதுப் பலகையில் துளைகளைக் குறிக்க உங்களிடம் இருக்கும் ஒரே அச்சு அதுதான். துளையிட்ட பிறகு இரு முகங்களிலும் வார்னிஷ் பூசுவதோடு, ஒவ்வொரு துளையின் உட்சுவரிலும் மெல்லிய தூரிகையால் பூசுங்கள், ஏனெனில் ஈரம் வெட்டுவாய் வழியாகவே ஏறுகிறது. பழைய ரெக்ஸினை உரிக்கும்போது பலகைக்குப் பின்னால் மடிக்கப்பட்டிருந்த விளிம்பையும் பாருங்கள். வெயில் படாத அந்த இரண்டு விரற்கடை அகலத்தில்தான் வண்டி வாங்கியபோது இருந்த நிறம் மிச்சமிருக்கும். கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய மாதிரி அதுவே.

கேள்வி: என் பிரீமியர் பத்மினிக்கு நிறம் அப்படியே பொருந்தும் ரெக்ஸின் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைத்தது. ஆனால் தைத்துப் போட்ட பிறகு, புது ஆட்டோவின் இருக்கை போலத் தெரிகிறது. ஏன்? (வேலூர் வாசகர்)

பதில்: நிறத்தை மட்டும் பார்த்து வாங்கியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ரெக்ஸின் என்பது பிரிட்டனில் ஒரு வணிகப் பெயராகத் தொடங்கியது. அன்று அது பருத்தித் துணியின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிச் செய்த பொருள். நாம் இன்று அதே பெயரைச் சொல்லி வாங்குவது பிவிசி பூசிய துணி. அதிலும் பழைய வகைகளில் முதுகுத்துணி பெரும்பாலும் நெய்த பருத்தியாக இருந்தது. இன்று சந்தையில் மிகுதியாக இருப்பது பின்னலாடை போல இழுபடும் பாலியெஸ்டர் முதுகு. இழுபடும் பொருள் மூலைகளில் வழவழவென்று படிந்து, மடிப்பே இல்லாமல் உட்காரும். பழைய இருக்கையின் மூலையில் இருந்த சிறு சுருக்கமும் கூரான தையல் விளிம்பும் அதில் வராது. எனவே அடுத்த முறை கையளவுத் துண்டை நெடுக்கிலும் குறுக்கிலும் இழுத்துப் பாருங்கள். பிறகு மேற்பரப்பின் வரிகளையும் பளபளப்பையும் பழைய துண்டோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். நிறம் சற்று விலகியிருந்தாலும் கண் பொறுத்துக்கொள்ளும். பளபளப்பு விலகினால் பொறுத்துக்கொள்ளாது.

கேள்வி: மொரிஸ் மைனருக்கு உட்கூரைத் துணி மாற்ற வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிபாகக் கடைகளில் ஸ்பாஞ்ச் ஒட்டிய துணியைக் காட்டுகிறார்கள். அதைக் கூரைத் தகட்டில் நேரடியாக ஒட்டிவிடலாமா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: வேண்டாம். அந்த ஸ்பாஞ்ச் பாலியூரித்தேன் வகை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த காற்றில் அது சில ஆண்டுகளில் சிதைந்து மஞ்சள் பொடியாகிவிடும், துணி பந்தல் போலத் தொங்கும். உங்கள் வண்டியின் கூரைத்துணி குறுக்குக் கம்பிகளில் கோத்துத் தொங்கவிடப்படுவது. அந்த முறையையே பின்பற்றி, ஸ்பாஞ்ச் இல்லாத மெல்லிய துணியையோ வைனிலையோ தைத்துப் போடுங்கள். பருத்தித் துணி என்றால் வெட்டும் முன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். கம்பிகளின் வளைவு ஒன்றுபோல் இருக்காது, ஆகவே கழற்றும்போதே முன்னிருந்து பின்னாக எண்ணிட்டு வையுங்கள். துருவைத் தேய்த்துப் பெயின்ட் அடிக்காமல் கோத்தால் அடுத்த மழைக்காலத்தில் துணியில் பழுப்புக் கோடுகள் விழும்.

கேள்வி: சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றைச் சீர் செய்கிறேன். இருக்கையின் உள்திணிப்பு முழுவதும் போய்விட்டது. ஃபோம் மட்டும் போதுமா? (திருச்சி வாசகர்)

பதில்: பல ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் நினைத்து, ஒரு பழைய வண்டியின் ஸ்பிரிங் மேல் நேராக 4 அங்குல ஃபோம் வைத்துத் தைக்கச் சொன்னேன். உட்கார்ந்து பார்த்தபோது முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. ஓராண்டில் ஸ்பிரிங் கம்பி ஃபோமை அறுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. ஸ்பிரிங்குக்கு மேல் முதலில் தடித்த சணல் சாக்குத்துணி, அதன்மேல் ரப்பர் கலந்த தேங்காய் நார் அட்டை, கடைசியாக மெல்லிய ஃபோம் என்ற வரிசையில் அடுக்குவதே சரி. ரப்பர் கலந்த நார், மெத்தை செய்பவர்களிடம் தாளாகவே கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. அழுத்தம் கொடுத்த நிலையில் பழைய இருக்கையின் உயரம் என்னவோ அதற்கு ஏற்ப அடுக்குகளின் கனத்தைக் குறைத்துக் கூட்டுங்கள்.

கேள்வி: ஆங்கிலேயர் காலத்துக் கார் ஒன்றின் தோல் இருக்கைக்கு ஆம்பூரில் தோல் வாங்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: வாங்கலாம், ஆனால் இருக்கைக்கான தோல் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். காலணி மேற்தோலை வாங்கிவந்து, தையல் இழுவையில் கிழிந்தது என்று வருந்துபவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட தோலுக்குப் பழம்பெருமை உண்டு என்றாலும், பட்டைப் பதனீட்டுத் தோல் வெயிலில் கருத்து, நீர்த்துளியில் கறைபடும் இயல்புடையது. திறந்த காருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். குரோம் பதனீட்டில் (பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பால் பதனிட்டது) 1 மி.மீ. முதல் 1.2 மி.மீ. வரை கனமுள்ளதைக் கேளுங்கள்.

கேள்வி: உட்புறப் பொருளை மாற்றினால், ‘விஏ’ எண் கொண்ட பழம்பெரும் வாகனப் பதிவு மறுக்கப்படுமா? (சென்னை வாசகர்)

பதில்: 2021ஆம் ஆண்டு விதி, 50 ஆண்டுகளைக் கடந்த வண்டி அசல் வடிவில் பேணப்பட வேண்டும் என்றும், பெரிய மாற்றத்துக்கு உள்ளாகியிருக்கக் கூடாது என்றும் கூறி, அடிச்சட்டம், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் செய்யும் மாற்றங்களை அதில் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. இருக்கைத் துணி அந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் பிரிப்பதற்கு முன் எடுத்த படங்களையும், பழைய பொருளில் ஒரு சாண் துண்டையும் உறையிலிட்டு வண்டிக் காகிதங்களோடு வைத்திருங்கள்.

கேள்வி: டாஷ்போர்டு குமிழ்களை முப்பரிமாண அச்சில் செய்துகொள்ளலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: தாராளமாக, அச்சுக்குப் பொதுவாகப் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையைத் தவிர்த்துவிட்டு. அது 60 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். கண்ணாடி மூடி வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு அதைவிடச் சூடாகும். அதைவிட வெப்பம் தாங்கும் ஏஎஸ்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் அச்சிட்டு, தேய்த்து மெருகேற்றுங்கள்.